மேல ஆறு, கீழ ஆறு

எழுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக வேலை பார்த்தேன். ஆய்வுக்கூடம் என்றதும் பளபளக்கும் தரையை நினைத்துக்கொள்வீர்கள். தரை பளபளக்கத்தான் செய்தது. ஆனால் அது எங்களுக்காகப் போட்டதல்ல. யாரோ ஓர் ஆச்சி தன் மகள் கல்யாணத்துக்காகப் போட்ட தரை. வீட்டுக்காரர்கள் மதராஸில் இருந்தார்கள். பின்கட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, முன்கட்டைப் பூட்டி, சாவிக்கொத்தைக் காவல்காரர் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்கள்.

எங்களுக்கு வேண்டியது இரும்பு இல்லாத ஒரு கூடம். பின்கட்டில் தூணெல்லாம் தேக்கு, சுவரெல்லாம் சுண்ணாம்பு. அங்கே ஒரு காந்தமானியை நிறுவியிருந்தோம். தலைமுடியைவிட மெல்லிய இழையில் தொங்கும் இரண்டு சின்னக் காந்தங்கள், அவற்றோடு ஒட்டிய ஒரு கண்ணாடிச் சில்லு, அதில் பட்டுத் தெறித்து எதிர்ச்சுவர் அளவுகோலில் விழும் ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான். காவல்காரர் சாவிக்கொத்தோடு நிலைப்படியைத் தாண்டினாலே அந்தப் புள்ளி பேயாட்டம் ஆடும். "ஒங்க மிசினுக்கு என்னையக் கண்டாலே ஆகாதுய்யா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போவார்.

மண்ணை வைத்து எலும்புக்கு வயது கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கண்மாயில் வண்டல் படியும்போது அதிலுள்ள பொடிப்பொடியான இரும்புத் துணுக்குகள் வடக்கைப் பார்த்துப் படுத்து, அப்படியே இறுகிவிடும். பூமியின் காந்தமோ எப்போதும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. சில காலங்களில் வடக்கு தெற்காகத் திரும்பியிருந்திருக்கிறது. கடைசியாக அது இன்றைய நிலைக்கு மாறியது ஏறக்குறைய ஏழு லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஆகவே ஒரு களிமண் தெற்கைப் பார்த்துப் படுத்திருந்தால் அது குறைந்தது அந்த வயதாவது ஆனது. அந்தக் களியில் ஒரு யானைப்பல் கிடந்தால் பல்லுக்கும் அதே வயது.

இதில் மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுதான். மண்கட்டியை வெட்டி எடுக்கும்போது அது பூமியில் எப்படி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் வானம், எந்தப் பக்கம் வடக்கு. அது தவறினால் மற்ற எல்லாம் தவறு.

எங்கள் தலைவர் மதராஸ்காரர். கறாரானவர். அவர் பேசும் தமிழை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம். நான் காளையார்கோவில் பக்கத்தில் விவசாயம் செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மதராஸில் படித்த நாலு வருடத்தில் 'அங்குட்டு', 'இங்குட்டு', 'அதுதேன்' எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, தலைவரைப் போலவே பேசப் பழகியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் அக்கா வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர். கொஞ்சம் நிலமும் உண்டு. ஆனால் வானத்தை நம்பிய நிலம். அதனால் வருடத்தில் பாதி நாள் யாராவது ஒருவருடைய கிணற்றுக்குள் இருப்பார். நாலாள் ஆழக் குழிக்குள் நிற்க வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது கிழக்கு, எது மேற்கு என்று சொல்லிவிடுவார். ஒருமுறை கரை சரிந்து இடுப்புவரை மண் மூடியது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போனது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். பசிக்கவில்லை என்றால் விடமாட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவன் எவனும் கிடையாது. நான் சாப்பிடும்போதுதான் பேச்சை எடுப்பாள்.

"ஒங்க ஆபீசுல ஒரு வேலை போட்டுக் குடுடா. எடுபிடி வேலைன்னாலும் சரி. அந்த மனுசன் குழிக்குள்ள எறங்காம இருந்தாப் போதும் எனக்கு."

அந்தச் சமயம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு களப்பணியாளர் இடம் அனுமதியாகியிருந்தது. நிரந்தர வேலை. முதலில் தினக்கூலியாக ஒருவரை வைத்துப் பார்த்து, சரிப்பட்டால் நிரந்தரமாக்கலாம் என்றார் தலைவர். நான் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அறிமுகம் செய்யும்போது நான் சொன்ன வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது. "எங்கள் பக்கத்து ஊர்க்காரர், சார். மண் வேலை நன்றாகத் தெரியும்." மச்சான் என்று வாயில் வரவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும், நகக்கண்ணில் களிமண்ணுமாக நின்ற மனிதரை என் அக்கா புருசன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மச்சான் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, "ஆமாங்க சார், பக்கத்து ஊருதேன்" என்றார். வெளியே வந்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஏ மாப்ளே, பக்கத்து ஊர்க்காரனுக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுப்பா" என்று சிரித்தார். அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டதால் எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் கடப்பாரை இருக்கக்கூடாது, கட்டியைப் பித்தளைக் கத்தியால்தான் செதுக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வைக்கவில்லை அவர். "நல்ல கையப்பா அவருக்கு" என்று தலைவரே சொன்னார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு தடவை சாப்பிட வைத்தாள்.

அப்போதுதான் காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் எலும்புகள் கிடைத்தன. ஒரு மாட்டினத்துத் தாடையும், உடைந்த யானைப் பல்லும். சதுரக் கிணறு, மூன்றாள் ஆழம். மேலிருந்து அடிவரை ஒரே கருங்களி. நடுவில் மட்டும் வெள்ளையாக, சுண்ணாம்பு இறுகிய சுக்கான்கல் வரி ஒன்று ஓடியது. எலும்பு கிடந்தது அந்த வரிக்குக் கீழே. வரிக்கு மேலே உள்ள களி எந்தப் பக்கம் பார்க்கிறது, கீழே உள்ள களி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

முதல் நாள் நானும் மச்சானும் இறங்கினோம். மேற்குச் சுவரில் ஒரு கட்டியை எப்படி வெட்டுவது என்று காட்டினேன். சுவரில் நம்மைப் பார்த்திருக்கும் முகத்தில் வானத்தை நோக்கி ஓர் அம்புக்குறி. மேற்குச் சுவரைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வடக்கு. ஆகவே அம்புக்குறி ஒன்றே போதும். வடக்கைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை. அவர் தலையாட்டினார்.

மறுநாள் நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. வடக்கேயிருந்து ஒரு பெரிய நிபுணர் எங்கள் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை. காலையில் பஸ் ஸ்டாண்டில் மச்சானை ஏற்றிவிடப் போனேன். நிபுணரை வரவேற்க வந்திருந்த தலைவரும் பத்தடி தள்ளி ஜீப் பக்கத்தில் நின்றார். பஸ் கிளம்பப் போகிறது. ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"மேல ஆறு, கீழ ஆறு. பன்னிரண்டு கட்டி. அம்புக்குறி மறந்துவிடாதீர்கள்."

மச்சான் தலையை வெளியே நீட்டி, ஊரே கேட்கும் குரலில் கேட்டார்: "ரெண்டுமே எலும்பு மட்டத்துலதானே மாப்ளே?"

அந்த 'மாப்ளே' என் காதில் விழுந்ததும் மற்றது எதுவும் விழவில்லை. தலைவர் கேட்டிருப்பாரோ என்ற பதைப்பில், "ஆமாம், ஆமாம், கிளம்புங்கள்" என்று கையை வீசினேன். பஸ் போய்விட்டது. தலைவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் நான் என்ன செய்தேன் என்பது இதற்குள் புரிந்திருக்கும். எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு. கீழ என்றால் கிழக்கு. மேலத்தெரு, கீழத்தெரு, மேலக்காடு, கீழக்காடு. உயரத்தைச் சொல்ல வேண்டுமானால் உச்சி, அடி என்று ஏதாவது சேர்த்துச் சொல்வோம். அதிலும் நாலு சுவருக்கு நடுவில் நிற்கும் கிணறு வெட்டுகிறவரிடம் மேல ஆறு, கீழ ஆறு என்றால் அவருக்கு ஒரே பொருள்தான்: மேலச்சுவரில் ஆறு, கீழச்சுவரில் ஆறு. நான் பிறந்து வளர்ந்ததே மேலத்தெருவில்தான். அப்படியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு சாக்கில் பன்னிரண்டு கட்டிகளும் வந்தன. ஒவ்வொன்றும் துணியில் சுற்றி, சீட்டு வைத்துக் கட்டியிருந்தது. சீட்டில் 'மே.சு.1' என்று தொடங்கி ஆறு, 'கீ.சு.1' என்று தொடங்கி ஆறு. 'சு' என்றால் சுக்கான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சுக்கானுக்கு மேல், சுக்கானுக்குக் கீழ். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று அவரைப் பாராட்டக்கூட நினைத்தேன். குறிப்பேட்டில் 'மே', 'கீ' என்று மட்டும் எழுதிக்கொண்டு, சீட்டுகளைத் துணியோடு குப்பையில் போட்டேன்.

கட்டிகளைச் செதுக்கி, பின்னால் ஏறிய காந்தம் போவதற்காக இளஞ்சூட்டில் வாட்டி, ஒவ்வொன்றாக அளந்தேன். 'மே' ஆறும் வடக்கைப் பார்த்தன. 'கீ' முதல் கட்டியை வைத்தேன். வெளிச்சப் புள்ளி எதிர்ப்பக்கம் ஓடியது. தெற்கு. இரண்டாவதும் தெற்கு. ஆறும் தெற்கு. எலும்பு கிடந்த களி ஏழு லட்சம் ஆண்டுக்கும் மூத்தது! நம் சீமையில் அப்படியொரு எலும்பு, அதைக் கண்டவன் நான்.

ஒன்று மட்டும் இடித்தது. பூமியின் காந்தம் வெறுமனே வடக்கைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தரையை நோக்கிக் குனிந்தும் இருக்கும். நம் பக்கத்தில் அந்தக் குனிவு மிக லேசு. காந்தம் உண்மையாகவே திரும்பியிருந்த காலத்து மண் என்றால், குனிவும் திரும்பி, சற்றுத் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும். என்னுடைய 'கீ' கட்டிகள் தெற்கைப் பார்த்தன, ஆனால் குனிந்தே இருந்தன. ஆறும். நான் அதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரப்பரால் அழித்துவிட்டு, தலைவருக்குக் கொடுத்த பட்டியலில் குனிவு என்ற இடத்தில் 'மிகக் குறைவு' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். வடக்கே இருந்த நிபுணருக்கு அன்றைக்கே கடிதம் போனது. ஆனால் அவர் கறாரானவர் என்று சொன்னேன் அல்லவா, கட்டுரை எழுதுவதற்கு முன்னால் தானே ஒருமுறை மண் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஜீப்பில் போனோம். அவரே கிணற்றுக்குள் இறங்கினார். மேற்குச் சுவரில், சுக்கானுக்கு மேலே நாலு, கீழே நாலு என்று தன் கையாலேயே வெட்டினார். எட்டும் வடக்கைப் பார்த்தன.

"நாளைக்கு அந்த ஆளை வரச் சொல்லுங்கள்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பழைய சாக்கைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் மண்தூளோடு ஒரு காலண்டர் தாள் மடித்துக் கிடந்தது. பின்பக்கத்தில் மச்சானின் குண்டு எழுத்து. "மேலச்சுவத்துல ஆறு. கீழச்சுவத்துல ஆறு. எல்லாம் எலும்பு மட்டம். அம்புக்குறி மேகத்தப் பாக்க போட்டிருக்கு." சு என்றால் சுவர்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மேற்குச் சுவரைப் பார்த்து நின்றால் வடக்கு வலக்கைப் பக்கம். கிழக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றால் வடக்கு இடக்கைப் பக்கம். நான் பன்னிரண்டையும் மேற்குச் சுவரென்று வைத்து அளந்திருக்கிறேன். கிழக்குச் சுவர்க் கட்டிகள் ஆறையும் நானே தெற்காகத் திருப்பிவிட்டிருக்கிறேன். குனிவு மாறாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். மண் சொன்னது சரி. மச்சான் செய்தது அதைவிடச் சரி. ஒரே மட்டத்தை இரண்டு சுவரிலும் எடுத்து ஒன்றுக்கொன்று சரிபார்ப்பது நான் யோசித்திருக்க வேண்டிய யோசனை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மச்சான் கூடத்தின் வாசலில் நின்றார். அரைஞாணில் கோத்திருந்த ஊக்கைக்கூட மறக்காமல் காவல்காரரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தலைவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"குறி மாறியிருக்கிறது. கட்டிகளை வெட்டியது நீங்கள்தானே?"

"நான்தேன்யா வெட்டுனேன். எதெது எங்கிட்டு எடுத்ததுன்னு எழுதி வச்சிருக்கேனே, பாக்கலீகளா?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சீட்டில் என்ன இருந்தது?"

தாள் என் பையில் இருந்தது. கையை உயர்த்தினால் போதும். அந்த இரண்டு நொடியில் என் மனத்தில் ஓடியது எலும்பும் இல்லை, மண்ணும் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டில் என்ன சொன்னேன், ஏன் கவனிக்கவில்லை, இந்த ஆள் எனக்கு யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டி வருமே என்பதுதான் ஓடியது. அழித்த பென்சில் குறிப்பும் ஓடியது.

"மே, கீ என்று மட்டும்தான் இருந்தது, சார். சுவர் பற்றி எதுவும் இல்லை."

மச்சான் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்தவனைப் பார்க்கும் பார்வை அல்ல அது. அதைத் தாங்கியிருப்பேன். அவர் நினைவுபடுத்திக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கி, காற்றில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்தார். படித்த பிள்ளை சொல்கிறான், அப்படியானால் அதுதான் சரியாக இருக்கும்.

"அப்ப எழுத மறந்திருப்பேன் போலய்யா" என்றார். "அன்னைக்கு வெயிலு அப்படி. என் தப்புதேன்."

வேலை வேறொருவருக்குப் போனது. மச்சான் மறுவாரமே நெற்குப்பைப் பக்கம் ஒரு கிணற்றுக்குப் போய்விட்டார். அந்த எலும்புகளைப் பற்றிக் கட்டுரை வரவில்லை. வடக்கைப் பார்க்கும் மண் ஏழு லட்சத்துக்கு இந்தப் பக்கமாகவும் இருக்கலாம், அதற்கும் முந்தைய வேறொரு வடக்குக் காலமாகவும் இருக்கலாம். மண் மட்டும் அதைச் சொல்லாது. எனக்கு அடுத்த வருடம் வடக்கே வேலை கிடைத்தது. தலைவர் கொடுத்த சான்றிதழில் 'கவனமானவர்' என்று எழுதியிருந்தார். அதைப் பெட்டியில் வைத்தபோது அதே பெட்டியில் காலண்டர் தாளும் இருந்தது. கிழித்துப் போடவும் தைரியம் வரவில்லை.

நாலு வருடம் கழித்து விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா அடுப்பு வேலையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"முன்ன மாதிரி இல்லடா ஒங்க மச்சான். இப்பெல்லாம் கெணத்துக்கு அளவு போடணும்னா, முதல்நாளே போயி, விடியிற வரைக்கும் குத்தவச்சு உக்காந்துருக்காரு. சூரியன் கெளம்புறதக் கண்ணால பாத்தாத்தான் கெழக்குன்னு முளைக்குச்சி அடிக்கிறாரு. அதுக்கும் பெறகு பக்கத்துல நிக்கிறவன்ட்ட, சரிதானப்பான்னு கேட்டுக்கிறாரு. சீட்டு எழுதுற வேலை எதுன்னாலும் என் மகன்ட்டக் குடுத்துடுறாரு. கேட்டா, எனக்குத் தெசை குழம்பிப்போச்சுங்கிறாரு."

என்னால் உட்கார முடியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் திசை சொன்ன மனிதர். அவருடைய வேலையை நான் கெடுத்தேன் என்றுதான் அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய ஒன்றை எடுத்திருக்கிறேன் என்று தெரிந்திருக்கவில்லை. அந்தத் தாள் அப்போதும், கையோடு கொண்டுவந்திருந்த என் பெட்டியில்தான் இருந்தது.

மச்சான் மத்தியானம் வந்தார். கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, "எப்ப மாப்ளே வந்தே?" என்று பழைய மாதிரியே சிரித்தார். நான் தாளை நீட்டினேன். முன்கூட்டி யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நீங்க சரியாத்தேன் எழுதியிருந்தீக மச்சான்" என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தத் 'தேன்' என் வாயிலிருந்து தானாக வந்தது.

அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒருமுறை. இன்னொரு முறை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, என்னை அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"ஏ, இங்க வாயேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "நான் தப்பா எழுதலையாம்! சுவருன்னு எழுதியிருக்கேன், எலும்பு மட்டம்னு எழுதியிருக்கேன், பாரு! நான் மறக்கலடி!"

அந்தத் தாள் எங்கே கிடந்தது, யார் கையில் இருந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

அக்கா கரண்டியோடு வந்தாள். தாளைப் பார்த்தாள். முன்பக்கம் திருப்பித் தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது இத்தனை நாளா எங்கடா இருந்துச்சு?"

"என்கிட்டதான்க்கா."

அவள் உள்ளே போனாள். மீன்குழம்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. மச்சான் வாசலில் நின்று, மேலச்சுவத்துல ஆறு, கீழச்சுவத்துல ஆறு என்று இன்னும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

சாப்பிட்டுப் போ என்று அக்கா சொல்லவில்லை.